அந்தமான் பழத் தோட்டங்களும் நானோ குமிழிப் பாசனமும்

(டெலானிபூரில் அரசு அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பழப் பயிர்களின் விளைச்சலை உயர்த்த நானோ குமிழிப் பாசனம் எந்த அளவுக்கு உதவும் என்பதே இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வேளாண் விஞ்ஞானி அல்லன். பொருளாதாரம் பயின்று, மத்திய அரசுப் பணியில் பல ஆண்டுகளாகத் திட்டங்களின் செலவையும் பயனையும் கணக்கிட்டுப் பார்த்துப் பழகியவன். ஒரு புதிய கருவி வரும்போது, அது எவ்வாறு வேலை செய்கிறது என்று விளக்குவது விஞ்ஞானியின் பணி. அதே பணத்தை வேறு எதில் இட்டால் இதைவிடக் கூடுதலான பயன் கிடைக்கும் என்று கேட்பது என்னைப் போன்றோரின் பணி. இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே இன்று ஆராய விரும்புகிறேன்.

இக்கேள்வி என் மனத்தில் எழக் காரணமாயிருந்தவர் ஓர் அம்மையார். தெற்கு அந்தமானின் சிற்றூர் ஒன்றில் வீட்டின் பின்புறம் அறுபது வாழையும் சில பப்பாளி மரங்களும் வைத்திருந்தார். ஒரு மார்ச் மாதத்தில் நான் அங்கே சென்றபோது மூன்றில் ஒரு பங்கு வாழை இலை கருகி நின்றது. அவரிடம் யாரோ ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்துச் சென்றிருந்தனர். பாசன நீரில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளைக் கலந்தால் விளைச்சல் பெருகும் என்று அதில் கண்டிருந்தது. தாளை என்னிடம் காட்டி, "ஐயா, தண்ணீரில் காற்றைக் கலப்பது இருக்கட்டும். கலப்பதற்குத் தண்ணீர் எங்கே?" என்று அவர் கேட்டார். அன்று அவருக்கு உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. இந்த உரையை அவருக்குச் சொல்ல வேண்டிய மறுமொழியாகவே நான் கருதுகிறேன்.

தீவின் இரு பருவங்கள்

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது தமிழ் நாட்டின் சராசரி மழையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அதன்பின் வரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து டிசம்பர் வரை மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள நான்கு மாதங்களில் வானம் ஏறக்குறைய வறண்டுவிடுகிறது.

இத்தனை மழை பெய்யும் நாட்டில் தண்ணீர்ப் பஞ்சம் எவ்வாறு வரும் என்று வெளியூர் நண்பர்கள் வியப்பதுண்டு. டெலானிபூரில் வாழும் உங்களுக்கு அந்த ஐயம் எழாது. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்ற பெயரைக் கொண்டிருந்த இந்த ஸ்ரீ விஜயபுரம் நகரம், தன் குடிநீருக்குப் பெரிதும் தானிக்காரி அணையையே நம்பியிருக்கிறது. கோடையில் குழாயில் நீர் முறைவைத்து வருவதும், வீடுதோறும் தொட்டிகளும் குடங்களும் காத்திருப்பதும் நாம் அறிந்தவையே. தீவின் நிலம் சரிவானது; பெரிய ஆறுகளோ பரந்த நிலத்தடி நீர்த்தேக்கங்களோ இங்கு இல்லை. பெய்யும் மழையில் பெரும் பகுதி சிறிது நேரத்திலேயே கடலைச் சேர்ந்துவிடுகிறது. நமக்கு மழை குறைவில்லை. அதைத் தேக்கி வைக்கும் இடமே குறைவு.

சாகுபடிக்குரிய நிலமும் இங்கே மிகக் குறைவு. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். இதில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் காடு. அக்காடு காக்கப்பட வேண்டியது என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 3,80,581 பேர். இவர்களுக்கு வேண்டிய பழங்களில் ஒரு பகுதியேனும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடந்து வர வேண்டியிருக்கிறது. கப்பல் தாமதமானால் பழம் அழுகும், விலை ஏறும். ஆகவே புதிய நிலத்தைத் திருத்தாமல், இருக்கும் நிலத்திலேயே வாழை, பப்பாளி, அன்னாசி, மா, சப்போட்டா, கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றின் விளைச்சலைப் பெருக்குவது நமக்கு இன்றியமையாததாகிறது. இதற்குப் புதிய தொழில் நுட்பங்களை நாடுவதும் இயற்கையே.

நானோ குமிழி என்பது என்ன?

சோடாப் புட்டியைத் திறந்தால் குமிழிகள் மேலெழுந்து வெடிப்பதைப் பார்க்கிறோம். குமிழி சிறியதாக ஆக அது மேலெழும் வேகமும் குறைகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரோமீட்டர் என்கிறோம். அதனினும் சிறிய விட்டமுள்ள குமிழிகளை மீநுண் குமிழிகள் என்று 2017 இல் வெளியான சர்வதேசத் தரநிர்ணய விதி வகைப்படுத்துகிறது. இவற்றையே வழக்கில் நானோ குமிழிகள் என்கின்றனர். இவை மேலெழுந்து வெளியேறுவதில்லை. நீர்த் துகள்களின் இடைவிடாத மோதலால் அங்குமிங்கும் அலைந்தவாறு நீரிலேயே தங்கிவிடுகின்றன. இவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உள்ளது. அதனால் ஒன்றையொன்று விலக்குகின்றன. எளிதில் ஒன்றுகூடிப் பெரிய குமிழியாவதில்லை.

பழைய பௌதிகக் கணக்குப்படி பார்த்தால், இவ்வளவு சிறிய குமிழியின் உள்ளே அழுத்தம் மிக அதிகமாக இருக்க வேண்டும். ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியிலேயே அது நீரில் கரைந்து மறைந்துவிட வேண்டும். ஆயினும் நாள் கணக்கில், சில வேளைகளில் வாரக் கணக்கில்கூட, இவை நிலைத்திருப்பதாக ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர். இதற்கு முழு விளக்கம் என்ன என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

இக்குமிழிகளை உண்டாக்க, காற்றையோ பிராணவாயுவையோ நீரோடு சேர்த்து, அழுத்தத்துடன் நுண்துளைகளின் வழியாகவோ வேகமாகச் சுழலும் அமைப்பின் வழியாகவோ செலுத்துகின்றனர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மீன் வளர்ப்பு, குளங்களைத் தூய்மைப்படுத்துதல் ஆகியவற்றில் இம்முறை பயன்படுகிறது. நம் நாட்டில் 2025 ஜூன் மாதம் தில்லியிலுள்ள தேசிய விலங்கியல் பூங்காவில், நீர்வாழ் விலங்குகளின் குளங்களைத் தூய்மைப்படுத்த இது சோதனை முறையில் தொடங்கி வைக்கப்பட்டது. பாசனத்திற்கும் இதைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இப்போது பரவி வருகிறது.

வேருக்கும் காற்று வேண்டும்

பாசன நீரில் காற்றைக் கலப்பதால் பயிருக்கு என்ன நன்மை? இலையைப் போலவே வேரும் உயிருள்ள உறுப்பு. அது பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. பிராணவாயு கிடைக்காத வேர் நீரையும் உரச்சத்தையும் உறிஞ்சும் ஆற்றலை இழக்கிறது. தண்ணீரில் நிற்கும் பயிர் தண்ணீர் இல்லாத பயிரைப் போல வாடி நிற்பது இதனால்தான். பப்பாளியின் அடியில் இரண்டு மூன்று நாள்கள் நீர் தேங்கினாலே தண்டு அழுகி மரம் சாய்வதை இங்குள்ள எந்த விவசாயியும் அறிவார்.

மண்ணிலுள்ள இடுக்குகளில் ஒரு பகுதி நீராலும் மற்றொரு பகுதி காற்றாலும் நிரம்பியிருக்கிறது. மண்ணின் கன அளவில் பத்தில் ஒரு பங்காவது காற்று இருந்தால்தான் பெரும்பாலான பயிர்களின் வேர்கள் நலமுடன் இருக்கும் என்பது மண்ணியலில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. களிமண்ணில் இடுக்குகள் மிகச் சிறியவை. நீர் நிறைந்தால் காற்று நுழைய வழியில்லை. பிராணவாயு நீரினூடே பரவும் வேகம், காற்றினூடே பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

சொட்டு நீர்ப் பாசனத்தில்கூட, சொட்டு விழும் இடத்தைச் சுற்றியுள்ள மண் எப்போதும் ஈரத்தால் நிறைந்திருக்கும். களிமண்ணாயின் அவ்விடத்து வேர்கள் மூச்சுத் திணறக்கூடும். ஆஸ்திரேலியாவில் மத்தியக் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைக் கருதியே நிலத்தடிச் சொட்டு நீர்க் குழாய்களில் காற்றைக் கலந்து சோதித்தனர். கனத்த களிமண்ணில் பருத்தி முதலான பயிர்கள் இதனால் பயனடைந்தன என்று 2004 இல் அறிவித்தனர். பின்னர் அன்னாசியிலும் பயன் கண்டதாக எழுதினர். அவர்களின் முறையில் காற்றை உறிஞ்சிக் கலந்தது வெஞ்சுரி என்னும் எளிய கருவி. சுழலும் பாகம் எதுவும் அதில் கிடையாது. நம் விவசாயிகள் சொட்டு நீரில் உரம் கலக்க இதே வகைக் கருவியைப் பயன்படுத்தி வருகின்றனர்.

ஆகவே, வேருக்குக் காற்றளிப்பது பயன் தரும் என்பதில் ஐயமில்லை. எந்த மண்ணில், எந்தக் காலத்தில், எந்தச் செலவில் என்பவையே ஆராயத்தக்கவை.

ஓர் எளிய கணக்கு

மாணவர்கள் இக்கணக்கைத் தம் குறிப்பேட்டில் எழுதிச் சரிபார்க்கலாம்.

முப்பது பாகை செல்சியஸ் வெப்பத்தில், காற்றோடு தொடர்புள்ள ஒரு லிட்டர் நன்னீரில் அதிக அளவாக சுமார் 7.5 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். தூய பிராணவாயுவைச் செலுத்தினால் இதை ஏறத்தாழ ஐந்து மடங்காக, அதாவது சுமார் 36 மில்லிகிராமாக, உயர்த்தலாம். கருவியினால் கிடைக்கும் கூடுதல் பிராணவாயு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கோடையில் ஒரு வாழைக்குச் சொட்டு நீராக நாளொன்றுக்கு 20 லிட்டர் அளித்தால், கூடுதலாகச் சேர்வது 600 மில்லிகிராம். ஒரு கிராமுக்கும் குறைவு.

இனி வாழையின் தேவையைப் பார்ப்போம். நம் நாட்டில் பரவலாகப் பின்பற்றப்படும் 1.8 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு வாழைக்குரிய நிலம் 3.24 சதுர மீட்டர். வேர்களும் மண்ணுயிர்களும் சேர்ந்து ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் பிராணவாயு வரை பயன்படுத்தும் என்பது பொதுவான மதிப்பீடு. அவ்வாறாயின் ஒரு வாழையின் நிலத்திற்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 16 முதல் 32 கிராம். கருவி தரும் 0.6 கிராம் இதில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு மட்டுமே.

மீதி எங்கிருந்து வருகிறது? மண்ணிலுள்ள காற்றிலிருந்துதான். அதே நிலத்தில் மேல் 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள மண்ணில், கன அளவில் 15 விழுக்காடு காற்று இருப்பதாகக் கொண்டால், அதில் சுமார் 35 கிராமுக்குக் குறையாத பிராணவாயு இருக்கும். மேலேயுள்ள காற்று மண்டலம் அதை இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டும் இருக்கும். இதற்கு மின்சாரம் வேண்டாம். உதிரிப் பாகம் வேண்டாம். மண்ணைப் பொலபொலப்பாகவும் நீர் தேங்காமலும் வைத்திருந்தாலே போதும்.

இக்கணக்கு நானோ குமிழியைப் பயனற்றது என்று தீர்த்துவிடவில்லை. சொட்டு விழும் இடத்தைச் சுற்றியுள்ள சிறு பகுதியில் 0.6 கிராமும் மதிப்புடையதாகலாம். குமிழிகளின் மின்னூட்டம் உரச்சத்துகளின் இயக்கத்தையும் மண்ணுயிர்களையும் பாதிப்பதாகவும் சில ஆய்வுகள் கூறுகின்றன. எனினும், நல்ல வடிகால் உள்ள மண்ணில் பெரும் விளைச்சலை எதிர்பார்க்க இடமில்லை என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

பருவம் பொருந்தவில்லை

இங்கே மற்றொரு செய்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தமானில் வேருக்குக் காற்றுப் பஞ்சம் எப்போது ஏற்படுகிறது? மே முதல் டிசம்பர் வரை, மண் மழையால் நிறைந்திருக்கும் காலத்தில். அந்த மாதங்களில் பாசனம் செய்வோர் யாருமில்லை. பாசனம் தேவைப்படுவது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அப்போது மண்ணில் நீர் குறைந்து காற்று தாராளமாக இருக்கிறது. நானோ குமிழி பாசன நீரின் வழியாகவே வேரைச் சென்றடைய முடியும். வேர் மூச்சுத் திணறும் எட்டு மாதங்களில் கருவி சும்மா இருக்கும். கருவி ஓடும் நான்கு மாதங்களில் வேருக்குக் காற்றை விட நீரே பெரிய தேவையாக இருக்கும்.

ஆண்டு முழுவதும் சொட்டு நீரையே நம்பும் வறண்ட களிமண் பகுதிகளின் நிலை வேறு. அங்கு கிடைத்த முடிவுகளை அப்படியே இத்தீவுக்கு மாற்றிக் கொள்வது பொருந்தாது. ஒரு நாட்டின் வெற்றியை மற்றொரு நாட்டின் பருவநிலையை எண்ணாமல் நட்டுவிட முயன்று, வேர் பிடிக்காமல் போன திட்டங்களை நாம் முன்பும் கண்டிருக்கிறோம்.

முதலில் செலவிட வேண்டியது எங்கே?

அவ்வாறாயின் அந்த அம்மையாரின் தோட்டத்திற்கு என்ன செய்வது? அவருடைய குறைகள் இரண்டு. கோடையில் நீரில்லை, மழையில் வடிகால் இல்லை. இரண்டிற்கும் தீர்வு தீவிலேயே உண்டு.

முதலில் நீரைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர். பன்னிரண்டு மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம் கொண்ட பண்ணைக் குட்டை ஒன்று 240 கன மீட்டர், அதாவது 2,40,000 லிட்டர் கொள்ளும். அதன் மேற்பரப்பு 120 சதுர மீட்டர். அதன் மேல் நேராக விழும் 3,000 மில்லிமீட்டர் மழையே 3,60,000 லிட்டர். மழைக்கால ஆவியாதலைக் கழித்தாலும், வேறு நீர்வரத்து இல்லாமலே குட்டை ஏறக்குறைய நிரம்பிவிடும். இது அந்தமானின் மழை நமக்கு அளிக்கும் தனிச் சலுகை. கோயம்புத்தூரிலோ இராமநாதபுரத்திலோ இது இயலாது.

கோடையில் ஆவியாவதற்கும் கசிவதற்கும் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிடுவோம். எஞ்சுவது 1,60,000 லிட்டர். ஒரு வாழைக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் வீதம் 120 நாள்களுக்கு 2,400 லிட்டர் வேண்டும். ஆக, அக்குட்டை 66 வாழைகளைக் கோடை முழுவதும் காக்கும். அம்மையாரின் தோட்டத்தில் இருந்தவை அறுபது.

குட்டைக்குச் செலவில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. வெட்டுக்கூலி உண்டு. மண் கசியும் இடமானால் பாலித்தீன் விரிப்பு வேண்டும். குட்டை அடைக்கும் 120 சதுர மீட்டரில் 37 வாழைகளை நட்டிருக்கலாம். பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்று நாம் கூறுவது இதைத்தான். முப்பத்தேழு வாழைக்குரிய இடத்தை விட்டுக்கொடுத்து அறுபத்தாறு வாழையைக் காப்பது நன்மையா என்பதை விவசாயியே தீர்மானிக்கலாம். அக்குட்டையில் மீன் வளர்த்தால் கணக்கு இன்னும் சாதகமாகும்.

தேக்கிய நீரைச் சிக்கனமாகச் செலவிடச் சொட்டு நீர்ப் பாசனம் உதவும். இந்தியாவில் 1970களில் வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் சோதனை வயல்களில் தொடங்கிய இம்முறை, மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் வாழைத் தோட்டங்களில் வேரூன்ற ஆண்டுகள் பல ஆயின. பிரதம மந்திரி விவசாயப் பாசனத் திட்டம் 2015 இல் தொடங்கப்பட்டபோது, அதன் நுண்பாசனப் பிரிவில் சிறு குறு விவசாயிகளுக்கு ஏனையோரை விடக் கூடுதலான மானியம் வகுக்கப்பட்டது. இத்துடன் தீவில் தாராளமாகக் கிடைக்கும் தேங்காய் மட்டையையும் வாழைச் சருகையும் மூடாக்காக இட்டால் மண்ணின் ஈரம் நெடுநாள் நிற்கும்.

அடுத்தது வடிகால். இதில் நமக்கு வழிகாட்டும் நிறுவனம் இந்நகரை ஒட்டிய கராச்சர்மாவிலேயே உள்ளது. 1978 இல் மத்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கப்பட்டு, இன்று மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் பெற்றுள்ள அது, தாழ்வான நிலங்களுக்கு அகன்ற மேட்டுப் பாத்தி முறையைப் பரிந்துரைத்து வருகிறது. நிலத்தில் அகன்ற வாய்க்கால்களை வெட்டி, அம்மண்ணைக் கொண்டு இடையே மேடான பாத்திகளை அமைக்கின்றனர். பாத்தியின் மேல் காய்கறியும் பிற பயிர்களும். வாய்க்காலில் நீரும் மீனும். மழைக்காலத்தில் வேர்ப்பகுதி நீருக்கு மேலே நின்று காற்றைப் பெறுகிறது. வாய்க்காலில் தங்கும் நீர் கோடையின் முற்பகுதிக்கு உதவுகிறது. எந்திரம் எதுவும் இல்லாமல் வேருக்குக் காற்றும் நீரும் ஒருங்கே தரும் முறை இது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப் பேரலை தாக்கியபோது கடல்நீர் நம் வயல்களில் புகுந்ததை மறக்க இயலாது. தெற்கு அந்தமானில் நிலமே தாழ்ந்ததால் சிப்பிகாட் போன்ற இடங்களில் விளைநிலங்கள் நிரந்தரமாக நீரில் மூழ்கின. மற்ற நிலங்களில் படிந்த உப்பைக் கழுவி வெளியேற்றியது அடுத்தடுத்து வந்த மழை. வடிகால் இருந்த இடங்களில் அது விரைவாக நிகழ்ந்தது. மேட்டுப் பாத்தியில் பெய்யும் மழை இவ்வாறே உப்பைக் கீழே கழுவிச் செல்கிறது.

நானோ குமிழிக்கு உரிய இடம்

இவ்வளவும் கூறிய பின், நானோ குமிழிக்கு இத்தீவில் இடமே இல்லையா என்று இளைஞர்கள் கேட்கலாம். இருக்கிறது; அதன் இடத்தை அறிந்து அதில் வைக்க வேண்டும்.

முதலாவது, நீண்ட நாள் தேங்கிய குட்டை நீர். கோடையின் இறுதியில் பாசி படர்ந்து, பிராணவாயு குன்றி, நாற்றமெடுக்கும் நீரைச் சீராக்கவும், சொட்டு நீர்க் குழாய்களில் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைக் குறைக்கவும் இக்குமிழிகள் உதவக்கூடும். குட்டையில் மீன் இருந்தால் அதற்கும் நன்மை. இரண்டாவது, நாற்றங்கால்கள். திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளையும் பப்பாளி நாற்றுகளையும் நிழற்கூடத்தில் வளர்க்கும்போது வேர் சிறிய பையினுள் அடங்கியிருக்கிறது. நாள்தோறும் நீரூற்ற வேண்டியிருக்கிறது. அங்கே சிறிதளவு பிராணவாயுவும் பெரிதாகும். ஒரு கருவி பல்லாயிரம் கன்றுகளுக்குப் பயன்படுவதால் கன்றுக்கான செலவும் குறையும். மூன்றாவது, மண்ணின்றி நீரிலேயே பயிர் வளர்க்கும் முறை. நான்காவது, மேட்டுப் பாத்தி அமைக்க இயலாத கனத்த களிமண்ணும் உப்புத் தன்மையும் கொண்ட நிலங்கள்.

இவற்றில் எதையும் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டாம். சோதித்துப் பார்க்கலாம். ஒரே தோட்டத்தில், ஒரே நாளில் நட்ட வாழைகளை நான்கு தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். முதல் தொகுதிக்குக் குடத்தால் ஊற்றும் வழக்கமான முறை. இரண்டாவதற்குச் சாதாரணச் சொட்டு நீர். மூன்றாவதற்கு வெஞ்சுரியால் காற்றுக் கலந்த சொட்டு நீர். நான்காவதற்கு நானோ குமிழிச் சொட்டு நீர். தொகுதிகளை ஒரே பக்கத்தில் வைக்காமல் தோட்டம் முழுவதும் கலந்து அமைத்து, இரண்டு கோடைகளுக்குக் குறையாமல் நடத்த வேண்டும். தாரின் எடையை மட்டும் குறிப்பது போதாது. செலவான நீர், மின்சாரம், பழுதுபார்க்க ஆன நாள்கள் ஆகியவற்றையும் எழுத வேண்டும். புதிய முறையை ஒன்றும் செய்யாத வயலோடு ஒப்பிட்டால் எதுவும் வெற்றியாகவே தோன்றும். அதற்கு அடுத்த மலிவான முறையோடு ஒப்பிடுவதே நேர்மையான ஒப்பீடு.

அலுவலர்களுக்குச் சில கேள்விகள்

மானியக் கோப்பில் கையெழுத்திடும் நண்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில கேள்விகளைக் கூற விரும்புகிறேன்.

பிப்ரவரி இறுதியில் இத்தோட்டத்தில் எத்தனை லிட்டர் நீர் இருக்கும்? இதற்கு விடையில்லையானால் கோப்பை அங்கேயே நிறுத்தலாம். மண் களியா, மணலா, மழையில் எத்தனை நாள் நீர் தேங்குகிறது? கருவியை இயக்க மின்சாரம் எங்கிருந்து வரும்? இத்தீவுகளின் மின்சாரத்தில் பெரும் பகுதி டீசல் எந்திரங்களால் உற்பத்தியாகிறது. அந்த டீசலும் கப்பலில்தான் வருகிறது. ஆகவே விவசாயி செலுத்தும் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், நாடு ஏற்கும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பம்பின் ஒரு பாகம் பழுதானால் அது எத்தனை நாளில் வந்து சேரும்? மார்ச் மாதத்தில் இரண்டு வாரம் காத்திருக்க வாழைக்கு இயலாது. இறுதியாக, எதிர்பார்த்த விளைச்சல் வராவிட்டால் இழப்பு யாருக்கு? மானியம் போக மீதியை விவசாயி கடனாகப் பெற்றிருப்பார். கோப்பு முடிந்தாலும் அவருடைய தவணை முடியாது.

இக்கேள்விகள் விஞ்ஞான முன்னேற்றத்திற்குத் தடை போடுவதற்காக எழுப்பப்படுபவை அல்ல. பொருந்தாத இடத்தில் அவசரப்பட்டுப் பரப்பிய கருவி துருப்பிடித்துக் கிடக்கும்போது, விவசாயி அந்த ஒரு கருவியோடு நிற்பதில்லை; அடுத்து வரும் நல்ல முறையையும் அவர் ஐயத்தோடு பார்க்கத் தொடங்குகிறார். அந்த நம்பிக்கையை மீண்டும் பெறுவது எளிதன்று.

முடிவுரை

நண்பர்களே! நீர், வடிகால், மூடாக்கு, சொட்டுக் குழாய், அதன்பின் குமிழி. இதுவே இத்தீவின் பருவநிலையும் செலவுக் கணக்கும் காட்டும் வரிசை. முன்னதை விட்டுப் பின்னதற்குத் தாவினால் பணம் செலவாகும், பழம் விளையாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கூரையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, ஆண்டு மழையால் பெருக்கிப் பாருங்கள். நூறு சதுர மீட்டர் கூரையில் விழும் மழை மூன்று இலட்சம் லிட்டர். அதில் எவ்வளவு உங்கள் தொட்டியில் சேர்கிறது, எவ்வளவு டெலானிபூரின் சரிவுகளில் இறங்கிக் கடலுக்குச் செல்கிறது என்று குறித்து வாருங்கள். இத்தீவின் பழத் தோட்டங்களைப் பற்றிய முதல் ஆராய்ச்சி அதுவாகவே இருக்கட்டும்.

அந்த அம்மையாரை மீண்டும் காணும்போது நான் சொல்லப் போவது இதுதான்: "அம்மா, நீங்கள் கேட்ட கேள்வியே சரியான கேள்வி. முதலில் குட்டையை வெட்டுவோம். குட்டையில் நீர் நின்ற பிறகு, அதில் காற்றைக் கலப்பதா வேண்டாமா என்பதைச் சோதனை வயல் சொல்லட்டும்."